புள்ளி தெரிகிறதா?



இரண்டு கிழமைகளுக்கு முன்னர் இத்தொடரில் ஓலைச்சுவடிகளைப் பற்றிப் பேசினேன். எழுத்தாணியால் ஓலையில் எழுதியவர்கள் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. இட்டால் ஓலை பொத்துக்கொள்ளும். வாசிக்கின்றவரே இடமறிந்து புள்ளியை மனத்தால் இட்டு வாசிக்க வேண்டும். இதைச் செவிமடுத்த முருங்கன் பக்கத்து நேயர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். "ஐயா, ஓலையிலே புள்ளி இல்லை என்று சொன்னீர்கள். என் கைத்தொலைபேசியிலும் புள்ளி இல்லை. மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது, நல்ல விலை, படங்கள் பளிச்சென்று தெரிகின்றன. தமிழ் வாசிக்கத்தான் முடியவில்லை. நல்ல திரை எது என்று எப்படித்தான் அறிவது?" என்பது அவருடைய கேள்வி.

இலக்கியத் தொடரில் இதற்கு என்ன இடம் என்று சிலர் நினைக்கலாம். நமது பிள்ளைகள் இன்று தமிழை வாசிப்பது பெரும்பாலும் இந்தத் திரைகளில்தான் என்பதால் இடம் உண்டு என்பது என் எண்ணம். தவிரவும், இக்கேள்வி எனக்குச் சுட்டது. ஏன் சுட்டது என்பதைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன்.

திரை ஒன்றின் தரத்தைத் தீர்ப்பிடும் கலையை நான் கற்றது மன்னார்த் தீவிலே, எங்கள் வீட்டு முற்றத்தில். 1980களின் பிற்பகுதி. 14 அங்குலக் கறுப்பு வெள்ளைப் பெட்டி. ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15இல் தொடங்கியிருந்தது. ஆனால் தீவில் எங்கள் வீட்டு அன்ரனா பெரும்பாலும் பார்த்தது மேற்கே, கடலைத்தான். இராமேசுவரப் பக்கமிருந்தும் கொடைக்கானல் மலையிலிருந்தும் தூரதர்சன் வரும். இரு நாடுகளும் பால் என்ற ஒரே ஒளிபரப்பு முறையைக் கைக்கொண்டிருந்தபடியால் நம் பெட்டிக்கு இரண்டும் விளங்கும். வெள்ளிக்கிழமை இரவு ஒளியும் ஒலியும் நிகழ்ச்சிக்கு அரை மணிக்கு முன்னரே பெரியண்ணா கூரையில் ஏறிவிடுவார். அன்ரனாக் கம்பத்தை அவர் திருப்ப, யன்னலடியில் நான் நிற்க, உள்ளே வீட்டாரும் அயலாருமாகப் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள்.

"இப்ப எப்படி?" என்று மேலேயிருந்து குரல் வரும்.

உள்ளே இருப்பவர்கள் சொல்லும் தீர்ப்பை நான் கூரைக்குக் கூவ வேண்டும். அந்தத் தீர்ப்புகள் ஐந்துதான். கண்ணாடி மாதிரி இருக்கு. நல்லா இருக்கு. பரவாயில்லை. மழை பெய்யுது. ஒண்டும் தெரியேல்ல. மழை பெய்யுது என்பது திரை முழுதும் வெள்ளைப் பொறிகள் கொட்டுவது. சில நாட்களில் ஒவ்வொரு நடிகருக்கும் பக்கத்தில் அவரது ஆவிபோல இன்னொருவர் நிற்பார். ஒரே அலை நேராக ஒருமுறையும், எதிலோ பட்டுத் தெறித்து மறுமுறையும் வருவதால் ஏற்படும் இரட்டை உருவம் அது. கச்சான் காற்று பலமாக வீசினால் அன்ரனா தானே திரும்பிவிடும். ஆனால் காற்றடங்கிய வெக்கையான மாலைகளில் கடலுக்கு மேலே குளிர்ந்த காற்றும் அதன் மேலே சூடான காற்றும் அடுக்காக நிற்கும். அப்போது தொலைக்காட்சி அலைகள் நேரே மேலே போய்விடாமல் அந்த அடுக்குக்குள் வளைந்து நெடுந்தூரம் வரும். அன்றைக்குத்தான் கண்ணாடி மாதிரி. வானம் பார்த்து மழை சொல்வதைப் போல எங்கள் அப்பா முற்றத்தில் நின்று அன்றைய படத்தின் தரத்தைச் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும்.

பல ஆண்டுகள் கழித்து ஒரு செய்தியை வாசித்துச் சிரித்தேன். ஜெனீவாவிலே தலைமையகம் கொண்ட சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம், தொலைக்காட்சிப் படத்தின் தரத்தை மனிதர்களைக் கொண்டு மதிப்பிடுவது எப்படி என்று 1974இல் ஒரு பரிந்துரை வெளியிட்டது. 500ஆம் இலக்கப் பரிந்துரை என்று அதற்குப் பெயர். பலமுறை திருத்தப்பட்டு இன்றும் வழக்கில் இருக்கிறது. அதிலும் ஐந்து படிகள்தான்! மிக நன்று, நன்று, சுமார், குறைவு, மோசம். குறைந்தது 15 பேர் பார்க்க வேண்டும். அவர்கள் தொழில்நுட்ப வல்லுநர்களாக இருக்கக் கூடாது. ஓர் அமர்வு அரை மணிக்கு மேற்படக் கூடாது, கண் களைத்துவிடும். பின்னர் எல்லோருடைய புள்ளிகளையும் கூட்டிச் சராசரி காண்பார்கள். எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்தது ஏறத்தாழ இதுவே, சராசரிக்குப் பதிலாக அப்பாவின் குரல் இருந்தது என்பதைத் தவிர.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்தனை கருவிகள் இருக்க, மனிதரை ஏன் கேட்கிறார்கள்? கருவி ஒளியை அளக்கும், நிறத்தை அளக்கும், கோடுகளை எண்ணும். படம் நன்றாக இருக்கிறதா என்பதை அதனால் நேரே அளக்க முடியாது. இப்போது கணினியே படத்தின் தரத்தைக் கணித்துச் சொல்லும் முறைகள் பல உண்டு. அவை சரியா பிழையா என்று பார்ப்பதற்கும் கடைசியில் நாலு மனிதரைக் கூப்பிட்டு இருத்தித்தான் கேட்கிறார்கள்.

மனிதரைக் கேட்டால் மனிதருக்குரிய விசித்திரங்களும் வந்து சேரும். மோசமான படத்தைப் பார்த்த கையோடு சுமாரான படத்தைக் காட்டினால் ஆகா என்பார்கள். அதே படத்தை மிக நல்ல படத்துக்குப் பின் காட்டினால் முகம் சுளிப்பார்கள். அதனால்தான் பழுதற்ற மூலப்படத்தையும் பழுதுபட்ட படத்தையும் மாறிமாறிக் காட்டி, எது எதுவென்று சொல்லாமல் இரண்டுக்கும் புள்ளி கேட்கும் முறையும் வைத்திருக்கிறார்கள். விருப்பமான நிகழ்ச்சியென்றால் படத்தின் பழுதே கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்பதை 2010இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. ஒளியும் ஒலியும் பார்த்த எங்களுக்கு இதற்கு ஆய்வு வேண்டியதில்லை. பாட்டுப் போகும்போது "பரவாயில்லை" ஆன அதே படம், செய்தி தொடங்கியதும் "மழை பெய்யுது" ஆகிவிடும்.

எங்கள் அம்மம்மாவுக்கு இரண்டு கண்களிலும் புரை. சத்திரசிகிச்சைக்குக் கொழும்புக்குப் போவது அக்காலத்தில் நினைக்கக் கூடிய காரியமாக இருக்கவில்லை. அவர் திண்ணையோரம் இருந்துகொண்டு, "இண்டைக்குப் படம் நல்ல துப்பரவு" என்பார். நாங்கள் திரும்பிப் பார்த்தால் திரையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். ஒலி மட்டும் துல்லியமாக வந்துகொண்டிருக்கும். கிழவிக்கு என்ன தெரியும் என்று சிரித்திருக்கிறோம். ஒரே படத்தை நல்ல ஒலியோடு காட்டினால், பார்ப்போர் படமே தெளிவாகிவிட்டதாகச் சொல்கிறார்கள் என்பதை ஆய்வாளர் பின்னர் பரிசோதனைகளில் கண்டிருக்கிறார்கள். வானொலிக்காரர்கள் மகிழ வேண்டிய செய்தி இது. ஆனால் ஜெனீவாக்காரர்கள் அம்மம்மாவைச் சேர்த்திருக்க மாட்டார்கள். மதிப்பிட வருவோரின் கண்பார்வையை முதலில் சோதித்து, குறையுள்ளவர்களை விலக்கிவிட வேண்டும் என்பது அவர்களது விதி. பரிசோதனைக்கு அது சரி. ஆனால் ஊரிலே திரை பார்ப்பவர்களில் எத்தனை பேர் அந்தச் சோதனையில் தேறுவார்கள்? எனக்கே இப்போது வெள்ளெழுத்து.

வெள்ளெழுத்து! எவ்வளவு பொருத்தமான சொல். நாற்பது வயது கடந்தவருக்குக் கண்ணுள் இருக்கும் வில்லை விறைத்து, கிட்டப் பொருளில் பார்வையைக் குவிக்க முடியாமல் போகிறது. எழுத்தின் கறுப்பும் தாளின் வெள்ளையும் ஒன்றோடொன்று கரைகின்றன. கறுப்பு எழுத்து வெளுத்துத் தோன்றுகிறது. கண்ணின் குறையை எழுத்தைக் கொண்டு பெயரிட்டிருக்கிறது தமிழ். திரையின் தரம் பற்றிய பேச்சும் இந்தக் கரைதல் பற்றியதே.

இனி, கண்ணின் எல்லையைச் சற்று நோக்குவோம். வைத்தியசாலைச் சுவரில் பெரிய எழுத்து மேலேயும் சிறிய எழுத்து கீழேயுமாகத் தொங்கும் அட்டையை 1862இல் ஆக்கியவர் ஹேர்மன் ஸ்நெல்லன் என்ற ஒல்லாந்து வைத்தியர். பழுதற்ற கண், ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தில் உள்ள நுணுக்கத்தைப் பிரித்தறியும் என்பது அவரது கணக்கு. தொலைபேசியை 40 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்தால் அது ஏறக்குறைய 0.12 மில்லிமீற்றர். மூன்று மீற்றர் தூரத்துத் தொலைக்காட்சியில் ஒரு மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. பழைய தொலைக்காட்சியைப் படத்தின் உயரத்தைப் போல ஆறு மடங்கு தள்ளியிருந்து பார்க்கச் சொன்னதும் இதனால்தான்; அந்தத் தூரத்தில் திரையின் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து மறைந்துவிடும். கோடுகள் நுண்மையாகிவிட்ட இன்றைய பெட்டிகளுக்கு மூன்று மடங்கு போதும். 2010இல் அப்பிள் நிறுவனம் அங்குலத்துக்கு 326 படப்புள்ளிகள் கொண்ட தொலைபேசித் திரையைக் கொண்டுவந்து, இனிக் கண்ணால் படப்புள்ளியைப் பிரித்தறிய இயலாது என்று சொன்னதும் இதே கணக்கை வைத்துத்தான்.

ஸ்நெல்லனின் அட்டையில் உள்ளவை ஆங்கில எழுத்துகள். ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் அடங்குமாறு அவற்றை வரைந்தார். மின்பலகைகளில் ஆங்கில எழுத்தை ஐந்துக்கு ஏழு புள்ளிகளில் எழுதிவிடுகிறார்கள். அந்தக் கட்டத்துக்குள் நமது 'ணீ'யை எழுதிப் பாருங்கள். மூன்று சுழி வேண்டும், மேலே விசிறி வேண்டும், விசிறியின் நுனியில் சுழிப்பு வேண்டும். நுனிச் சுழிப்புக் கரைந்தால் 'ணீ' 'ணி' ஆகும். ஒரு சுழி கரைந்தால் ணகரம் னகரமாகும். மெய்க்கோ தலைக்கு மேலே ஒரு புள்ளி, புள்ளிக்கும் தலைக்கும் நடுவே ஓர் இடைவெளி. அந்த இடைவெளி அடைபட்டால் புள்ளி எழுத்தோடு ஒட்டிவிடும். புள்ளியே நலிந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். 'பல்' 'பல' ஆகும். 'கல்' 'கல' ஆகும். நமது மன்னாரிலே இரண்டு புள்ளிகள் உண்டு. இரண்டும் போனால் 'மனனார'. ஓலையில் காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை இல்லாதபடியால் அதையே 'மனனரர' என்றும் வாசிக்கலாம். ஆகவே ஆங்கிலம் வாசிப்பவருக்குத் தாராளமாகப் போதுமான திரை தமிழ் வாசிப்பவருக்குப் போதாமல் போவதில் வியப்பில்லை. இது தமிழின் குறையன்று. அளவுகோல் வேறு எழுத்துக்கு அளந்து செய்யப்பட்டது, அவ்வளவே.

இப்போது, சுட்டது என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன்.

2020 மார்ச் மாதம் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டன. நான் கற்பிக்கும் இந்துக் கல்லூரியிலும் வட்ஸ்அப் வழியாகப் பாடம் நடத்தினோம். பிள்ளைகள் கட்டுரையைக் கொப்பியில் எழுதிப் படமெடுத்து அனுப்புவார்கள். நான் என் தொலைபேசித் திரையில் விரலால் சிவப்பு வட்டமிட்டுத் திருப்பி அனுப்புவேன். கரையோரக் கிராமமொன்றைச் சேர்ந்த பத்தாந்தர மாணவி ஒருத்தி நன்றாக எழுதக்கூடியவள். அவளுடைய கட்டுரை ஒன்றில் பதினாறு இடங்களில் புள்ளியைக் காணவில்லை. பதினாறு வட்டம் போட்டேன். புள்ளி இடாமல் எழுதும் பழக்கம் பிள்ளைகளிடம் இப்போது பெருகிவிட்டது என்ற கோபம் எனக்கு ஏற்கெனவே இருந்தது. "ஓலையிலா எழுதுகிறாய்?" என்று கேலியாக ஒரு வரியும் எழுதிப் புள்ளியைக் குறைத்தேன்.

அடுத்த கட்டுரை வந்தது. ஒவ்வொரு மெய்யின் தலையிலும் உளுந்தளவு வட்டம்! பேனையைச் சுற்றிச் சுற்றி அழுத்தியிருந்தாள். சிரித்துவிட்டு, "இப்போது திருந்திவிட்டாய்" என்று எழுதினேன்.

யூலையில் பாடசாலைகள் படிப்படியாகத் திறக்கப்பட்டபோது அந்தப் பிள்ளை கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். ஒன்றும் பேசவில்லை. முதலாவது கட்டுரையின் பக்கத்தை விரித்து வைத்துவிட்டு நின்றாள். நீல மையில், சின்னதாக, அழகாகப் புள்ளிகள் இருந்தன. நான் வட்டமிட்ட பதினாறில் மூன்றுதான் அவளுடைய பிழை. பதின்மூன்று புள்ளிகளை அவள் இட்டிருந்தாள். அவை என்னிடம் வந்து சேரவில்லை.

அவை எங்கே போயின என்று அதன்பின்தான் தேடி வாசித்தேன். அவளுடைய தந்தை கடலால் வந்த பிறகுதான் தொலைபேசி அவள் கைக்கு வரும். இரவு, மங்கிய மின்குமிழ். வெளிச்சம் குறைந்தால் கமராவின் படத்தில் பொறிப்பொறியாக அழுக்குச் சேரும். அதைத் தொலைபேசி தானே துடைத்துவிடும். தனித்து நிற்கும் சிறு புள்ளி அதன் கணக்கில் அழுக்கு! பிறகு வட்ஸ்அப் படத்தின் அளவைக் குறைக்கும். அதன்பின் படத்தை எட்டுக்கு எட்டுச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவசியமில்லை என்று கருதும் நுணுக்கங்களைக் கழித்துச் சுருக்கும். முகமோ கடலோ என்றால் இதில் ஒருவருக்கும் நட்டமில்லை. வெள்ளைத் தாளில் எழுத்து என்றால் ஓரங்களைச் சுற்றிக் கலங்கல் படியும். நலிந்த புள்ளி அதற்குள் அமிழ்ந்துவிடும். நிறத்தை ஒளியைவிட அரைவாசி நுணுக்கத்திலேயே பெரும்பாலும் சேமிப்பார்கள். ஆகையால் நான் போட்ட சிவப்பு வட்டங்களும் அவளுடைய வெடித்த திரையில் செந்நிறக் கறைகளாகத்தான் தெரிந்திருக்கும். எந்த எழுத்தைப் பிழை என்கிறார் சேர் என்று விளங்காமலே அந்தப் பிள்ளை எல்லாப் புள்ளிகளையும் உளுந்தாக்கியிருக்கிறாள்.

இருவருமே அவரவர் திரையை நல்ல திரை என்றுதான் நினைத்திருந்தோம். என்னுடையது புதிது, முகங்கள் தெளிவாகத் தெரியும், பாட்டுக் காட்சிகள் பளிச்சென்றிருக்கும். முகத்தையும் பாட்டையும் வைத்துத் தரம் பார்த்துவிட்டு, அதே திரையில் இலக்கணப் பிழை பார்க்க உட்கார்ந்தேன். குறைத்த புள்ளியைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். எழுதிய கேலியைத் திருப்பி எடுக்க வழி தெரியவில்லை. அதன்பின் பிள்ளைகளுக்கு இரண்டு காரியம் சொல்லி வைத்தேன். பகல் வெளிச்சத்தில் படமெடுங்கள். படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள், அப்போது சுருக்கம் நிகழாது. 2023 முதல் படத்தைக் கூடிய தெளிவில் அனுப்பும் வசதியையும் வட்ஸ்அப் தந்திருக்கிறது. அப்படி அனுப்பினால் டேட்டா கூடப் போகிறது, சேர், என்று ஒரு பையன் சொன்னான். அதற்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை.

கடையிலே பெட்டியோ தொலைபேசியோ வாங்குபவர்கள் ஏமாறுவதும் இதே வழியில்தான். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரிலே 1990களில் ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே காட்சியை நிறச்செறிவைக் கூட்டியும் குறைத்தும் காட்டினார்கள். எது இயற்கையாக இருக்கிறது என்று கேட்டபோது ஒன்றைச் சுட்டிய மக்கள், எது நன்றாக இருக்கிறது என்று கேட்டபோது அதைவிடச் சற்றுச் சாயம் கூடியதைச் சுட்டினார்கள். வியாபாரிகளுக்கு இது தெரியும். கடையில் வைக்கும் தொலைக்காட்சிகளுக்கென்றே ஒளியையும் நிறத்தையும் உச்சத்துக்கு ஏற்றிவைக்கும் அமைப்பு ஒன்று உள்ளே இருக்கிறது. வரிசையில் நிற்கும் பத்துப் பெட்டிகளில் அதிகம் பளபளப்பது விலைப்படும். வீட்டுக்குக் கொண்டுவந்து இரவில் போட்டால் கண் கூசும்.

ஒளி கூடினால் நன்று என்பது வீட்டுக்குள் பொய்யானாலும், கடலிலே மெய். பேசாலையில் என் பழைய மாணவன் ஒருவனின் தந்தையார் சம்மாட்டியார். வள்ளங்களில் திசையறிய ஜீ.பி.எஸ். கருவி கொண்டுபோவார்கள். புதிதாக வர்ணத் திரைக் கருவியொன்று வாங்கியவர், சில மாதங்களில் பழைய சாம்பல் நிறத் திரைக் கருவிக்கே திரும்பிவிட்டார். காரணம் கேட்டேன். "வீட்டுக்குள்ள நல்ல வடிவுதான், சேர். கடலுக்குக் கொண்டு போனால் என்ர மூஞ்சிதான் தெரியுது" என்றார்.

இதன் கணக்கு எளிது. வீட்டினுள் ஏறக்குறைய 300 லக்ஸ் வெளிச்சம். நண்பகல் வெயிலில் 100,000 லக்ஸ். விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு நாலு பங்கைத் திரை சிதறடித்துத் திருப்பினால், வெயிலில் அது சதுர மீற்றருக்கு 1,200 கண்டெலாவுக்கு மேல் வரும். திரையின் சொந்த வெண்மை 500 கண்டெலா என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு என்று காட்டும் இடம் 1,200. வெள்ளை என்று காட்டும் இடம் 1,700. வீட்டில் நூறு மடங்குக்கு மேல் இருந்த கறுப்பு வெள்ளை வேற்றுமை, கடலில் ஒன்றரை மடங்குக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதன்மேல் உப்புப் படிந்தால் சொல்லவே வேண்டாம். சாம்பல் திரையோ தன் ஒளியால் பிழைப்பதில்லை. விழுகின்ற வெயிலையே திருப்பி அனுப்பி அதில் எழுத்தைக் காட்டும். வெயில் ஏற ஏற அது தெளியும். வர்ணம் இல்லை, அழகு இல்லை. ஆனால் 1974ஆம், 1976ஆம் ஆண்டு ஒப்பந்தங்கள் வகுத்த கடல் எல்லைக்குப் பக்கத்தில் தொழில் செய்கிறவருக்கு மூன்றா எட்டா என்று இலக்கம் தெரியாவிட்டால் வள்ளமும் போகும், ஆளும் மறியலில். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவே ஏறக்குறைய 30 கிலோமீற்றர்தான்.

ஓலையும் அந்தச் சாம்பல் திரையின் சாதிதான். எழுத்தாணியால் கீறிய ஓலையைப் புதிதாகப் பார்த்தால் எழுத்துத் தெரியாது. கீறல் மட்டும் இருக்கும். விளக்குக்கரியை எண்ணெயிலோ இலைச்சாற்றிலோ குழைத்துப் பூசித் துடைத்தால் கீறலுக்குள் மை தங்கிக் கறுக்கும். நம் முன்னோர் கறுப்பு வெள்ளை வேற்றுமையைக் கூட்டிய விதம் அது. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏட்டைத் தொட்டாலே ஓரம் உதிர்வதைப் பதிப்புரையில் சொல்லி நொந்திருக்கிறார். சிதைந்த ஏட்டில், புள்ளியில்லாத எழுத்தில், கொம்பு குறிலா நெடிலா என்று தெரியாத இடத்தில் அவர் யாப்பைக் கொண்டும் பொருளைக் கொண்டும் பாடம் கண்டார். தமிழ் நன்கு வந்தவருக்கு மோசமான திரையும் வாசிக்கக் கிடைக்கும். குறையை அறிவு நிரப்பிவிடும். இப்போதுதான் எழுத்துப் படிக்கும் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. அதன் கண்ணில் படுவதே அதற்கு எழுத்து. தொல்காப்பியம் மெய்க்குப் புள்ளி விதித்திருக்கிறது என்று வகுப்பில் நான் சொல்லலாம். திரை விதிக்காவிட்டால் பிள்ளை எதை நம்பும்?

முருங்கன் நேயருக்கு வழி சொல்ல வேண்டுமல்லவா. அவர் கடிதம் வந்த பிறகு எனக்கும் ஒரு தொலைபேசி வாங்க வேண்டி வந்தது. மன்னார்ப் பட்டினத்தில் ஒரு கடை. கடைத் தம்பி வழமைபோல நடிகையின் பாட்டுக் காட்சியொன்றைப் போட்டுக் காட்டினான். மயில் நிறமெல்லாம் இருந்தது. அதை நிறுத்தச் சொல்லி, குறிப்பு எழுதும் இடத்தைத் திறந்து, 'பல பல் கல கல் மன்னர் மன்னார் கணி கணீர்' என்று தட்டி, எழுத்தை ஆகச் சிறிதாக்கினேன். கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை, போட்டு ஒருமுறை பார்த்தேன். பிறகு தொலைபேசியோடு வெளியே வெயிலுக்கு இறங்கினேன். நான் கொண்டு ஓடப்போகிறேன் என்று நினைத்தானோ என்னவோ, தம்பியும் பின்னாலேயே வந்துவிட்டான்.

"என்ன சேர் பாக்கிறியள்?"

"புள்ளி."

அவன் குனிந்து பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்த தன்னுடைய தொலைபேசியை எடுத்து, அதே சொற்களை அதிலும் தட்டி, கையால் வெயிலை மறைத்து மறைத்துப் பார்த்தான். கடையிலேயே விலை கூடியது அதுதான் என்று எனக்கு முதலில் சொல்லியிருந்தான். அதன் மேலே ஒட்டியிருந்த பாதுகாப்புக் கண்ணாடி முழுதும் கீறல். அவனுடையதில் பல்லும் பலவாகவே நின்றது.